முயலெய்த அம்பு: சிறுவேட்டைச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஒரு தொழில் வழக்கிழக்கும்போது அத்தொழிலுக்குரிய சொற்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. அவற்றுட் சில இலக்கியத்தில் நிலைபெறுகின்றன. சில பழமொழியில் ஒதுங்குகின்றன. சில வேறொரு பொருளின் பெயராக மாறிவிடுகின்றன. வில்லும் அம்பும் கொண்டு முயல், உடும்பு, காடை, கௌதாரி, புறா முதலிய சிற்றுயிர்களை வேட்டையாடும் தொழில் இத்தகையது. இந்தியாவின் பல பகுதிகளில் நெடுங்காலம் உணவுக்குத் துணையாக இருந்த இத்தொழில் இன்று சட்டத்தாலும் வாழ்க்கை மாற்றத்தாலும் பெரிதும் நின்றுவிட்டது. அதன் சொற்களைப் பொருளறிந்து கையாள வேண்டிய தேவையோ குறையவில்லை. பழந்தமிழ் நூல்களைப் பிறமொழிகளில் பெயர்ப்போரும், பழங்குடி மொழிகளின் வாய்மொழிக் கதைகளைத் தமிழில் தருவோரும், அகராதி தொகுப்போரும் இச்சொற்களை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

சிறுவேட்டை தொடர்பான சில சொற்களின் பொருளமைப்பையும் தொடரமைப்பையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தொழில்நுட்பம் அறியாமல் சொல்லைப் பெயர்க்கும்போது பொருள் எவ்வாறு திரிகிறது என்பதைச் சுட்டுவதும், இச்சொற்களைக் களத்தில் தொகுப்போர் கருத வேண்டியவற்றைக் கூறுவதும் இதன் நோக்கங்களாகும்.

2. எய்தல், எறிதல், சுடுதல்

வில்லைக் குறிக்கும் சொல் திராவிட மொழிகளில் பரவலாக ஒரே அடியினின்று வருகிறது. தமிழில் வில், தெலுங்கில் விலு அல்லது வில்லு, கன்னடத்தில் பில்லு, கோண்டியில் வில் என வழங்குகிறது. கன்னட வடிவின் முதலொலி ஒலிப்புடைய பகரமாகும். மூலத் திராவிட வகரம் கன்னடத்தில் இவ்வாறு மாறுவது முறையான மாற்றமே. வடமேற்கே தொலைவில் வழங்கும் பிராகுயி மொழியிலும் இச்சொல் ஒலிப்புடைய பகரத்துடன் காணப்படுகிறது. அம்பு என்னும் சொல் மலையாளம், கன்னடம் ஆகியவற்றில் அம்பு என்றும், தெலுங்கில் அம்மு என்றும் அமைகிறது. கருவிகளின் பெயர்கள் இவ்வளவு சீராக நிலைத்திருப்பது இத்தொழிலின் பழமையைக் காட்டும்.

வினைச்சொற்களின் நிலை வேறு. பழந்தமிழில் வில்லினின்று அம்பைச் செலுத்துதல் எய்தல். வேல், கல் முதலியவற்றைக் கையால் விடுத்தல் எறிதல். இவ்விரண்டும் தம்முள் மயங்குவதில்லை. எய்தலுக்குரிய அடி மலையாளத்தில் எய்யுக எனவும், கன்னடத்தில் எசு எனவும், தெலுங்கில் ஏயு எனவும் உள்ளது. இன்றைய பேச்சுத் தமிழில் அம்பு ‘விடப்படுகிறது’. எய்தல் என்னும் வினை எழுத்து வழக்கிலும், எய்தவன் இருக்க அம்பை நோவதைப் பற்றிய பழமொழியிலுமே பெரிதும் எஞ்சியுள்ளது.

இவ்வினையின் வடிவங்களில் மயக்கத்திற்கு இடமுண்டு. அம்பு செலுத்துதலைக் குறிக்கும் எய் என்பது எய்வான், எய்தான் எனத் திரியும். அதன் பெயரெச்சம் எய்த. அடைதலைக் குறிக்கும் எய்து என்பது எய்துவான், எய்தினான் எனத் திரியும். அதன் பெயரெச்சம் எய்திய. ஆனால் இப்பின்னதன் செயவெனெச்சமும் எய்த என்றே வரும். ஆகவே எய்த என்னும் ஒரே வடிவம் ஓரிடத்தில் பெயரெச்சமாகவும் மற்றோரிடத்தில் வினையெச்சமாகவும், வெவ்வேறு வினைகளின் வடிவமாகவும் நிற்கிறது. கணினி வழிச் சொல்லாய்வில் இது தனியே கருதப்பட வேண்டிய ஒன்று. முள்ளம்பன்றியைக் குறிக்கும் எய் என்னும் பெயர்ச்சொல்லும் உண்டு. முள்ளை அம்புபோல் எய்வதால் இப்பெயர் வந்தது என்று கருதத் தோன்றும். முள்ளம்பன்றி முள்ளை எய்வதில்லை என்பது ஒருபுறமிருக்க, தெலுங்கில் இவ்விலங்கின் பெயர் ஏது என ஒலிப்புடைய தகரம் பெற்றும், அம்பு செலுத்தும் வினை ஏயு என்றும் வேறுபட்டு நிற்றல் நோக்கத்தக்கது. ஒலியொப்புமை கொண்டு மட்டும் இவற்றை இணைத்தல் பொருந்தாது.

ஆங்கிலத்தில் ஷூட் என்னும் ஒரு வினையே வில்லுக்கும் துப்பாக்கிக்கும் பொதுவாக நிற்கிறது. தமிழில் துப்பாக்கிக்குரிய வினை சுடுதல். அது தீயோடு தொடர்புடையது. வில் வேட்டையைப் பற்றிய ஆங்கிலப் பகுதியைப் பெயர்ப்பவர் ‘முயலைச் சுட்டான்’ என்று எழுதினால், வாசகர் துப்பாக்கியை நினைப்பார்; அன்றேல் அடுப்பை நினைப்பார். இரண்டும் மூலத்தில் இல்லாதவை.

வில்லை வளைத்தலைக் குறிக்கும் பழஞ்சொல் வாங்குதல். இன்று அச்சொல் பெறுதல், விலைக்குக் கொள்ளுதல் என்னும் பொருள்களிலேயே பெருவழக்காக உள்ளது. எனவே பழைய செய்யுளில் வில் வாங்கியவனை இன்றைய மாணவர் கடைவீதியில் காண்கின்றனர். குதை என்னும் சொல் அம்பின் அடிப்பகுதியில் நாண் பொருந்தும் வெட்டைக் குறிப்பது. இன்று பலருக்கு விளங்காதது. இத்தகைய சொற்களுக்கு மொழிபெயர்ப்பாளர் சுருக்கமான விளக்கத்தைத் தொடருக்குள்ளேயே அமைத்துக்கொள்வது நலம்.

3. ஒரு குறளின் தொடரமைப்பு

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் உள்ள 772ஆம் குறள், வில்லால் முயலை வேட்டையாடுதலை ஒப்புமைக்கு எடுத்துக்கொள்கிறது. காட்டு முயலின்மேல் எய்த அம்பைக் காட்டிலும் யானையைத் தவறவிட்ட வேலைக் கையில் கொள்ளுதல் இனிது என்பது அதன் கருத்து. இதிலுள்ள இரு பெயரெச்சத் தொடர்கள் இலக்கண நோக்கில் ஆராயத்தக்கன.

‘முயல் எய்த அம்பு’ என்னும் தொடரில் முயல் செயப்படுபொருள். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கது. எய்தவன் யார் என்பது கூறப்படவில்லை. தலைமைப் பெயராகிய அம்பு கருவி. வடிவத்தை மட்டும் நோக்கின் முயலே எழுவாயாகவும் இருக்கக்கூடும். ஆயினும் முயல் அம்பெய்யாது என்னும் உலகறிவு அவ்வாய்ப்பை நீக்கிவிடுகிறது.

‘யானை பிழைத்த வேல்’ என்பதில் உலகறிவு அவ்வாறு உதவுவதில்லை. பிழைத்தல் என்னும் சொல்லுக்கு இங்குப் பொருள் குறி தவறுதல். யானையைத் தவறிய வேல் என விரியும். இன்றைய தமிழில் பிழைத்தல் என்பது உயிர் தப்புதல் என்னும் பொருளிலேயே மிகுதியாக வழங்குகிறது. அப்பொருளைக் கொண்டால் யானை எழுவாயாகிவிடும். யானை உயிர் தப்புவதற்குக் காரணமான வேல் என்றோ, பட்டும் யானையைக் கொல்லாத வேல் என்றோ தொடர் விரியும். இரு வாசிப்பிலும் யானை சாகவில்லை என்பது பொதுவாக இருப்பதால் வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. ஆனால் முதல் வாசிப்பில் வேல் யானைமேல் படவே இல்லை, இரண்டாவதில் பட்டிருக்கலாம். முதலது எறிந்தவனின் முயற்சியைப் பேசுகிறது. இரண்டாவது யானையின் நிலையைப் பேசுகிறது. குறளின் பொருள் முயற்சியைப் பற்றியது.

இத்தகைய மயக்கத்தைத் தொல்காப்பியம் அறிந்திருந்தது. வேற்றுமை மயங்கியலில் தடுமாறு தொழிற்பெயர் எனக் கூறப்படுவது இதனோடு ஒப்பிடத்தக்கது. உரையாசிரியர்கள் காட்டும் ‘புலி கொல் யானை’ என்னும் எடுத்துக்காட்டில் கொன்றது புலியா யானையா என்பது வடிவத்தால் தெளிவாகாது. பொருளால் உணரப்பட வேண்டும். ஆங்கிலம் போன்ற மொழிகளில் பெயர்க்கும்போது இம்மயக்கத்தை அப்படியே கொண்டுசெல்ல இயலாது. மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

அடுத்து எழுவது பொருள் சிக்கல். முயல் சிறியது, அஞ்சுவது. ஆகவே முயலை எய்தல் எளியது, இழிந்தது என்று கொண்டு சிலர் இக்குறளை விளக்குவர். தொழிலறிந்தோர் இவ்வாறு கொள்ளமாட்டார். முயல் உருவிற் சிறியது. நெட்டோட்டத்தில் திடீரெனத் திசை மாற்றுவது. புதரோடு புதராகக் கிடப்பது. ஓடும் முயலின்மேல் ஒற்றை அம்பைச் செலுத்திப் படச்செய்தல் அரிய திறன். பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் முயலை வில்லால் எய்வதில்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது. நள்ளிரவில் குழியில் காத்திருந்து நடத்தும் பன்றி வேட்டை வாய்க்காதபோது, பகலில் நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைத்து, வலை மாட்டி, முயல்கள் தப்பாதபடி வளைத்துப் பிடிக்கின்றனர். முயலுக்கு ஏற்ற கருவி வலையும் நாயும் என்பதே அங்குப் பெறப்படும் செய்தி.

பரிமேலழகர் இதனை உணர்ந்தே உரை கூறுகிறார் எனலாம். முயலுக்குக் கானம் என்னும் அடை இருத்தலால், யானை வெளியிடத்தில் நின்றது என வருவிக்கிறார். வேல் பிழைத்தது எனக் கூறியதனால், அம்பு பிழையாமல் எய்யப்பட்டது என வருவிக்கிறார். இவ்வாறு இரு பக்கமும் நிரப்பப்படும்போது ஒப்புமை கூர்மை பெறுகிறது. ஒருபுறம் மறைவிடம் மிகுந்த காட்டில் ஓடும் சிற்றுயிர், தவறாத அம்பு. மறுபுறம் வெட்டவெளியில் நிற்கும் பேருயிர், தவறிய வேல். திறன் என்னும் அளவுகோலில் முயலெய்தவனே உயர்ந்தவன். அவ்வாறிருந்தும் யானையை நாடியவனே உயர்வாகக் கருதப்படுகிறான் என்பதுதான் குறளின் ஆற்றல். எய்தற்கு இடைத்தொலைவு உண்டு. வேலெறிதற்கு யானையின் அண்மையில் நிற்க வேண்டும். அளவுகோல் திறனினின்று துணிவுக்கு மாறுகிறது. முயலெய்தலை இழித்துரைக்கும் மொழிபெயர்ப்பு இம்மாற்றத்தை இழந்துவிடுகிறது.

4. முயல்: ஒரு பெயர், பல விலங்குகள்

முயல் என்னும் சொல்லின் இனச்சொற்களாகக் கன்னட மொல, கோண்டி மலோல், பிராகுயி முரு ஆகியவற்றைப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி காட்டுகிறது. தெலுங்கில் குந்தேலு என்பது பெருவழக்கு. செவுலபில்லி, அதாவது காதுகளையுடைய பூனை, என்னும் விளக்கப் பெயரும் உண்டு. இத்தகைய பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஆகாது.

ஆங்கிலம் ஹேர், ராபிட் என இரண்டாகப் பகுக்கும் இடத்தில் தமிழ் முயல் என ஒன்றாகக் கொள்கிறது. இந்தியாவில் காட்டில் பரவலாக வாழ்வது முன்னதே. கரும்பிடரி முயல் எனப்படுவது இவ்வகையினது. அது வளை தோண்டுவதில்லை; தரையில் புல்லிடையே சிறு பள்ளத்தில் படுக்கும்; அதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். ராபிட் எனப்படும் ஐரோப்பிய முயல் வளையில் கூட்டமாக வாழும். குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியனவாய்ப் பிறக்கும். இந்தியாவில் வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படுவது இதுவே, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது.

வேட்டையைப் பற்றிய பகுதிகளில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. வளையில் வாழும் விலங்கை வேட்டையாடுபவர் வளைவாயிலில் காத்திருப்பார்; படுக்கையில் கிடக்கும் விலங்கை நாடுபவர் புதரைக் கலைத்து எழுப்புவார். ஐரோப்பியக் கதையொன்றைத் தமிழாக்கும்போது ‘குழிமுயல்’ என்னும் ஆக்கச்சொல் பயன்படலாம். இந்தியச் சூழலிலுள்ள நூலை ஆங்கிலமாக்கும்போது ராபிட் என எழுதுதல் பிழையாகும். ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில் இக்குறளுக்கு ஹேர் என்னும் சொல்லையே ஆண்டிருப்பது சரியான தேர்வு.

5. அம்பின் வகையும் வில்லின் வகையும்

சிறுவேட்டைக்குரிய அம்பு பெருவேட்டைக்குரிய அம்பினின்று வேறுபடுவது. பறவைகளையும் சிற்றுயிர்களையும் வீழ்த்துவதற்குக் கூர்முனையற்ற, தலை பருத்த அம்பு இந்தியாவின் பல பகுதிகளில் வழங்கியது. அது துளைத்துக் கொல்லாமல் அடியின் வலிமையால் வீழ்த்தும். மரத்தில் பட்டால் பதிந்து நிற்காமல் கீழே விழுவதால் மீண்டும் பயன்படும்; இறைச்சியும் இறகும் கெடுவது குறைவு. மொட்டம்பு என்னும் சொல் இதற்குப் பொருந்துவது. மொழிபெயர்ப்புகளில் இது ‘மழுங்கிய அம்பு’ என ஆகிவிடுவதுண்டு. மழுங்குதல் முன்பிருந்த கூர்மை பின்னர் அழிதலைக் குறிக்கும் வினை. இவ்வம்போ கூர்மையின்றியே செய்யப்பட்டது. குறைபாடாகத் தோன்றுவது உண்மையில் அமைப்பு.

அம்பு வகைகளைப் பயன்பாட்டால் பகுத்துப் பெயரிடுதலுக்குக் காசி மொழி நல்ல சான்றாகும். மேகாலயத்தில் வழங்கும் இம்மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தது. கர்டன் 1907இல் வெளியிட்ட இனவரைவியல் நூலில், முள்ளலகு கொண்ட அம்பு பிலியாங் எனவும் முள்ளில்லா அம்பு சொப் எனவும் வழங்கப்படுவதாகவும், முன்னது வேட்டைக்கும் பின்னது வில்லாட்டப் போட்டிக்கும் உரியதாகவும் பதிவு செய்துள்ளார். இவ்விரண்டையும் தமிழில் அம்பு என ஒரே சொல்லால் பெயர்த்தால், உரையாடலில் வரும் ஒருவன் வேட்டைக்குப் புறப்படுகிறானா விளையாட்டுக்குப் புறப்படுகிறானா என்பது மறைந்துவிடும். வேட்டையம்பு, ஆட்டயம்பு எனப் பிரித்தல் இங்குப் போதுமானது.

அம்புக்கு மாறாகக் களிமண் உருண்டையைச் செலுத்தும் வில்லும் உண்டு. இரு நாண்களுக்கிடையே சிறு பட்டை அமைத்து, அதில் உருண்டையை வைத்து இழுத்து விடுவர். பறவை வேட்டைக்கும் கதிர்க்காவலுக்கும் இது பயன்பட்டது. தமிழில் உண்டைவில், சுண்டுவில் என்பனவும் இந்தியில் குலேல் என்பதும் இதன் பெயர்கள். ரப்பரை வலுவூட்டிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற பின்னர், கவைக்கோலில் ரப்பர்ப் பட்டை கட்டிய கருவி உலகெங்கும் பரவியது. தமிழில் உண்டிவில் என்பதும் இந்தியில் குலேல் என்பதும் இப்புதுக் கருவியின் பெயர்களாயின. கருவி மாறியது, உருண்டையும் சிறுவேட்டையும் மாறவில்லை, பெயர் பயன்பாட்டைப் பின்பற்றியது. தொடர்பில்லாத இரு மொழிகளில் ஒரே பொருள் மாற்றம் தனித்தனியே நிகழ்ந்திருப்பது சொற்பொருளியலார்க்குப் பயனுள்ள சான்று. ரப்பருக்கு முற்பட்ட நூலில் குலேல் வருமிடத்தில் கவைக்கோலைக் காட்டும் மொழிபெயர்ப்பு காலப் பிழையுடையது.

6. செந்த்ரா: வேட்டை மட்டுமன்று

முண்டா கிளையைச் சேர்ந்த சந்தாலி மொழியில் வில்லுக்கு ஆக் என்றும், அம்புக்குச் சர் என்றும், முயலுக்குக் குலாய் என்றும் பெயர். முதற்சொல்லின் ஈற்றொலி வெடிப்பின்றித் தடைபடும் மெய். சர் என்பது இந்தோ-ஆரியத்தினின்று பெற்றது. தமிழில் வழங்கும் சரம் என்பதும் அவ்வழியினதே. வில்லின் பெயர் சொந்தச் சொல்லாகவும் அம்பின் பெயர் கடன்சொல்லாகவும் இருப்பது, ஒரு கருவியின் இரு உறுப்புகளும் ஒரே வரலாறு உடையன அல்ல என்பதைக் காட்டுகிறது.

வேட்டையைக் குறிக்கும் செந்த்ரா என்னும் சொல் தனிக் கவனத்துக்குரியது. கோடையில் பல ஊரார் ஒன்றுகூடி நடத்தும் பெருவேட்டையை அது குறிக்கும். மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்திலுள்ள அயோத்தியா மலையில் வைகாசி முழுநிலவை ஒட்டி நிகழ்ந்துவந்த கூட்டம் இவற்றுள் பெயர்பெற்றது. வேட்டையை வழிநடத்தும் பூசகர் திஹ்ரி எனப்படுவார். வேட்டைக் கூட்டத்தின் இரவில் கூடும் அவை லோ பிர் எனப்படும். ஊர்த் தலைவர்களால் தீர்க்க இயலாத வழக்குகள் இங்குத் தீர்க்கப்பட்டன. தலைவர்கள்மீதான குறைகளையும் எவரும் இங்கு எடுத்துரைக்கலாம். சந்தால் மக்களின் மரபில் இதுவே உயர்ந்த நீதிமன்றம்.

ஆகவே ஒரு சந்தாலிக் கதையில், தன் வழக்கைச் செந்த்ராவில் சொல்லப் போவதாக ஒருவர் கூறினால், ‘வேட்டையில் சொல்வேன்’ என்னும் தமிழாக்கம் பொருளற்றதாகிவிடும். ‘வேட்டையவையில் சொல்வேன்’ எனில் பொருள் நிற்கும். அன்று விழும் முயலோ காடையோ சிறிதாக இருக்கலாம்; அக்கூட்டத்தின் சமுதாயப் பணி சிறிதன்று.

7. சட்டமும் சொற்சேகரிப்பும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதல் என்பதை அகன்ற பொருளில் வரையறுக்கிறது. கொல்லுதலோடு பிடித்தல், கண்ணி வைத்தல், துரத்துதல், இரை வைத்தல், இவற்றுக்கான முயற்சி ஆகியனவும் அதில் அடங்கும். பேச்சு வழக்கில் கண்ணி வைப்பவர் தாம் வேட்டையாடியதாகக் கூறமாட்டார். சட்ட வழக்கில் அவரும் வேட்டையாடியவரே. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் முறைக்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. முயல் அப்போது நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளையே மாற்றியமைத்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரபு வழி உரிமைகளை ஏற்கும்போது வேட்டையாடும் உரிமையை வெளிப்படையாக விலக்குகிறது. நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினர்க்கு முன்பே வழங்கப்பட்ட வேட்டை உரிமையை மட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

காட்டுயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்நிலை மொழியியலார்க்கு இரு கடமைகளை விதிக்கிறது. முதலாவது விரைவு. வில் செய்யவும் அம்பு கட்டவும் தடம் பார்க்கவும் அறிந்த முதியோரோடு அச்சொற்களும் மறைகின்றன. அடிப்படைச் சொற்பட்டியலைக் கொண்டு வில், அம்பு, முயல் என மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு திரும்புதல் போதாது. மூங்கில் தேர்தல், நாண் முறுக்குதல், காத்திருத்தல், எய்தல், தடம் பற்றுதல், பங்கிடுதல் என வினை வரிசைப்படி கேட்கும்போதே வினைச்சொற்களும் அவற்றின் நுண்வேறுபாடுகளும் வெளிப்படும். பங்கீட்டுச் சொற்களில் உறவுமுறையும் உரிமையும் அடங்கியுள்ளன.

இரண்டாவது கடமை, தகவல் தந்தவரைக் காத்தல். எடுத்துக்காட்டுத் தொடர் கேட்கும் ஆய்வாளரிடம் ‘நேற்று இரண்டு முயல் எய்தோம்’ என ஒருவர் கூறினால், மொழியியலார்க்கு அது இறந்தகாலப் பன்மை வினைமுற்று. சட்டத்தின் கண்ணில் அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கூடும். ஒலிப்பதிவில் பெயரும் ஊரும் நாளும் சேர்ந்திருந்தால் இடர் மிகும். எனவே தொடர்களைக் கதையாகவோ முன்னோர் செயலாகவோ கேட்டுப் பெறுதல், அடையாளம் காட்டும் விவரங்களைப் பதிவினின்று பிரித்து வைத்தல், வெளியிடுமுன் பேச்சாளரின் ஒப்புதலை மீண்டும் பெறுதல் ஆகியன களப்பணியின் முறைகளாக அமைய வேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. எய்தல், எறிதல், சுடுதல் என்பன கருவியால் வேறுபடும் வினைகள். ஆங்கிலத்தின் ஒரே வினைக்கு இவற்றுள் ஒன்றைக் கருவியறிந்து தேர வேண்டும். பிழைத்தல், வாங்குதல் போன்ற சொற்களின் இன்றைய பொருள் பழந்தொடரின் எழுவாயையே மாற்றிவிடக்கூடும். முயல், அம்பு, உண்டிவில், செந்த்ரா ஆகிய சொற்களுக்கு அகராதி தரும் ஒற்றைச் சொல் நிகரன் போதுமானதன்று. விலங்கின் இயல்பும் கருவியின் அமைப்பும் கூட்டத்தின் பணியும் சேர்த்தறியப்பட வேண்டும்.

காட்டில் ஓடும் முயலின்மேல் அம்பு படுவது எவ்வளவு அரிது என்பதை அறிந்த சமுதாயத்திற்குத்தான் 772ஆம் குறள் முதலில் சொல்லப்பட்டது. அவ்வறிவு வாசகரிடம் இல்லாதபோது அதனை வழங்கும் பொறுப்பு உரையாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அகராதியாளருக்கும் உரியதாகிறது. தொழில் நின்றுவிடலாம், அது தந்த பொருள்நுட்பம் மொழியில் நிற்க வேண்டுமாயின் இன்றே பதிவு செய்யப்பட வேண்டும்.